பூண்டு சாமி

நம் வாயில் அடிக்கும் வாசனை நமக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது தெரிந்தது மந்தைவெளியிலிருந்து அடையாறு போகும் பேருந்தில். கார்த்திகை மாதம், விடாத தூறல். கழுத்தில் துளசி மாலை, கறுப்பு வேட்டி, பாதி வளர்ந்த தாடி. மாலை போட்டவன் என்பதால் பக்கத்து இருக்கைக்காரர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளினார். அப்புறம் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அடையாறு வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. நான் சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. யாராவது ஒன்று கேட்டால் பதில் மனதுக்குள் தயாராகும். அது வாய்க்கு வருவதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவன் கூட்டத்தோடு சரணம் கூவிக்கொண்டு மலைக்குப் போக மாலை போட்டதே என் தெருவுக்கு ஆச்சரியம். போன வருடம் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இவள் நல்லபடியாக எழுந்து வந்தால் மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து வந்தாள். அதனால் நடு வயதைத் தாண்டி முதல் தடவையாக மாலை போட்டேன். முதல் தடவை போகிறவனைக் கன்னிசாமி என்பார்கள். கன்னிசாமிக்கு எல்லாம் குருசாமிதான். அவர் கையால் இருமுடி கட்டினால்தான் போக முடியும். விரதத்தில் தப்பு நடந்தது என்று அவர் நினைத்தால் கட்டமாட்டார். எங்கள் குருசாமி அப்படி ஒருவரை முன்பு திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று தெருவில் சொல்வார்கள்.

அடையாறு பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாளன். பத்தாவதோடு படிப்பு நின்றது. பாத்திரம் கழுவுவது, சிலிண்டர் மாற்றுவது, யந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் அறையில் செய்வது கண்ணாடி. ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி இல்லை. அது மணலிலிருந்து வருவது. இது ஜெர்மானியம், செலினியம், டெலூரியம் என்ற பொருள்களால் ஆனது. சால்கோஜினைடு கண்ணாடி என்று பெயர். செய்து முடித்த வில்லை கேரம் போர்டின் கறுப்புக் காய் மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. ஆனால் சூட்டைப் பார்க்கிற கேமராவுக்கு அது நம் ஜன்னல் கண்ணாடி மாதிரி. அதன் வழியாக எல்லாம் தெரியும்.

வழக்கமாக இதைக் குழாயில் அடைத்து உலையில் உருக்கித்தான் செய்வார்களாம். எங்கள் அறையில் உருக்குவதில்லை, அரைக்கிறோம். கனமான உலோகக் குடுவைக்குள் உலோகக் குண்டுகளைப் போட்டு, பொருள்களையும் போட்டு, காற்று படாத பெட்டிக்குள் வைத்தே மூடி, அரைவை யந்திரத்தில் மாட்டுவோம். குடுவை தானும் சுற்றும், அது உட்கார்ந்திருக்கும் தட்டும் சுற்றும். சூடேறிவிடக் கூடாது என்று விட்டு விட்டு ஓட்ட வேண்டும். நாள் கணக்கில் ஓடும். பக்கத்து அறைக்காரர்கள் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குண்டுகள் அடித்து அடித்து உள்ளே இருப்பது எல்லாம் ஒரே பொடியாகிவிடும். உருகாமலே கண்ணாடியான பொடி. அதைக் கிராஃபைட் அச்சில் போட்டு, இளகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி அழுத்தினால் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வில்லையாகிவிடும். சூடு கொஞ்சம் கூடினாலும் உள்ளே படிகம் கட்டிக்கொள்ளும். அப்புறம் அது கேரம் காய்க்குத்தான் ஆகும்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்காக இதைச் செய்பவர் சாந்தோமைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். பொடியைக் குடுவையிலிருந்து எடுப்பது அவர் வேலை. எடுத்த பிறகும் குடுவைச் சுவரிலும் குண்டுகளிலும் ஒட்டியிருக்கும் கறுப்புப் படலத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழிவுப் புட்டியில் சேர்ப்பது என் வேலை. காற்றை மேலே இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்று, கையுறையும் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு நாள்கூட நான் முகமூடி இல்லாமல் அதைத் தொட்டதில்லை. அந்த வருடம் மழை தொடங்கியபோதுதான் டெலூரியம் புதிதாக எங்கள் அறைக்கு வந்தது. அதற்கு முன் வேறு பொருள்கள்.

மாலை போட்டதும் எனக்கு இருந்த ஒரே கவலை காலைப் பற்றித்தான். சாமிகள் செருப்புப் போடக் கூடாது. எங்கள் அறையில் வெறுங்காலோடு நுழையக் கூடாது. குருசாமியிடம் கேட்க வேண்டும் என்று அவருடைய இரு சக்கர வண்டி மெக்கானிக் கடைக்கு முன்னால் போய் நின்றேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவரே கேட்டுவிட்டார். வேலை செய்கிற இடத்தில் மட்டும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளலாம், தோல் வேண்டாம் என்றார். ஆராய்ச்சிக்கூடத்திலும் சம்மதித்தார்கள். இரண்டு பக்கமும் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். எல்லாரும் காலைப் பார்த்தோம். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பேருந்துக்குப் பிறகு வீட்டில் ஆரம்பித்தது. மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் வெங்காயம், பூண்டு இல்லை. மாலை போட்ட புருஷனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கோபம் வந்தாலும்கூட. சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சாமி, வெளிய எங்கயாவது சாப்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இல்லன்னா எப்டி சாமி பூண்டு வாசனை வருது? இவ்ளோ வருது. ஊறுகாயே திறந்து வெச்ச மாதிரி."

நான் சத்தியம் செய்தேன். கேன்டீனில் சாம்பார் மட்டும் ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். அதில் பூண்டு போட்டிருப்பார்கள் என்று அவள் முடிவு செய்தாள். மறுநாளிலிருந்து டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். வாசனை போகவில்லை. டப்பாவையும் விட்டுவிட்டு மதியம் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை. அவள் பாயைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டாள். விரதக் காலத்தில் தனிப் பாய்தான் வழக்கம். ஆனால் அந்தத் தள்ளல் விரதத்துக்கானது இல்லை என்று எனக்குத் தெரியும்.

தெருப் பிள்ளையார் கோவிலில் நடக்கும் பஜனையில் இன்னும் மோசம். எங்கள் குழுவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சாமி ஒருவர் உண்டு. எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். நான் சரணம் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சாமி, கொத்தவால் சாவடி மார்க்கெட்டே வாய்க்குள்ள கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். குருசாமி சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து நான் பஜனையில் பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தேன். சத்தம் வெளியே விடவில்லை. பூண்டு என்று ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் வேறு மாதிரியும் பேசினார்கள் என்று மனைவி காதில் விழுந்தது. அடையாறில் பிரியாணிக் கடைக்கா பஞ்சம் என்று யாரோ கேட்டார்களாம். என் கன்னி பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. கன்னிசாமி தன் வீட்டில் பூஜை வைத்து எல்லாச் சாமிகளுக்கும் சாப்பாடு போட வேண்டும். ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது என்று தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த வாரங்களில் மேடம் ஊரில் இல்லை. ஏதோ கருத்தரங்கு, அப்படியே வேறு ஓர் ஊர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் மூடி வைத்துவிட்டுப் போன குடுவைகளை ஓட்டுவதும், வேறு மாணவர்கள் பொடியை எடுத்த பிறகு குடுவைகளைச் சுத்தம் செய்வதும் நடந்துகொண்டிருந்தது. அந்த மாணவர்கள் முகமூடியோடு வருவார்கள், முகமூடியோடு போவார்கள். மேடம் திரும்பி வந்த காலையில் நடைவழியில் எதிரே வந்தார். மலைக்கு எப்போது கிளம்புகிறேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பதில் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, பூண்டு சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை அதற்குள் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். விரதம் மேடம், வீட்டில் பூண்டே கிடையாது என்றேன். வாய் உலர்கிறதா, நாக்கில் இரும்பு ருசி தெரிகிறதா என்று கேட்டார். இரண்டும் இருந்தன. விரதத்தால் என்று நினைத்திருந்தேன். அவர் என் தாடியைப் பார்த்தார். அப்புறம் என்னை அறைக்குக் கூட்டிப்போய், உறை பிரிக்காத ஒரு புது முகமூடியை எடுத்து என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். காற்று உள்ளே வரும் இரண்டு வழிகளையும் தன் உள்ளங்கையால் அடைத்தார்.

"இப்ப மூச்ச இழுங்க."

இழுத்தேன். முகமூடி முகத்தோடு இறுக்கிக்கொள்ள வேண்டும், மூச்சே வரக் கூடாது. எனக்குத் தாராளமாக வந்தது. கன்னத்துத் தாடிக்குள் புகுந்து ஜில்லென்று வந்தது. தாடி இருந்தால் ரப்பர் தோலோடு ஒட்டாது என்றார். மாலை போட்ட நாளிலிருந்து நான் முகமூடி போட்டுக்கொண்டும் அந்தப் பொடியை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டெலூரியம் கொஞ்சமே உள்ளே போனாலும் உடம்பு அதைப் பூண்டு வாசனையாக மாற்றி மூச்சிலும் வியர்வையிலும் வெளியே அனுப்புமாம். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பார்த்தது இப்போதுதான் என்றார். தான் ஊரில் இல்லாமல் போனதற்காக அவர் வருத்தப்பட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். உள்ளுக்குள் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன். மனைவி அறுவை சிகிச்சையிலிருந்து எழுந்து வந்ததற்குச் செலுத்துகிற நேர்த்திக்கடன், அதிலேயே நான் விழுந்துவிட்டால் என்று என்னென்னவோ ஓடியது. ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் நிதானமாகச் சொன்னார். போனது மிகக் கொஞ்சம். கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் அந்தப் பொடிப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். வாசனை மட்டும் உடனே போகாது, வாரக் கணக்கில் இருக்கும், நெல்லிக்காய் சாப்பிடுங்கள், குறையலாம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். நானாக ஒருவரிடம் கேட்ட கேள்வி அது. ஆகாது, மூக்கைத்தான் பொத்திக்கொள்வார்கள் என்று சிரித்தார்.

தாடியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் சார் ஒருவர் சொன்னார். விரதத்தில் சவரம் கூடாதே, வேண்டாம் என்று மேடம் உடனே மறுத்தார். மலைக்குப் போய்வரும் வரை நான் குடுவையைத் தொட வேண்டாம், அச்சில் அழுத்தும் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே பொடி பறக்காது, எல்லாம் மூடிய இடம் என்று ஏற்பாடு செய்தார். வீட்டில் காட்டுங்கள் என்று அந்தப் புது முகமூடியையும் கொடுத்தார். மனைவியிடம் காட்டினேன். அவள் என் தாடிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதாளா, சிரித்தாளா என்று இப்போது யோசித்தால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்று பாய் பழைய இடத்துக்கு வந்தது.

ஆனால் குருசாமியிடம் சொல்ல வேண்டுமே. இரண்டு தடவை அவர் கடைக்குப் போனேன். முதல் தடவை ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார். அடுத்த தடவை வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். சும்மா வந்தேன் சாமி என்று திரும்பிவிட்டேன். அதற்குள் பூஜை நாள் வந்துவிட்டது.

எங்கள் வீடு சின்னது. தெருவில் பந்தல் போட்டு, படம் வைத்து, விளக்கேற்றினோம். சாமிகள் வந்தார்கள். வராமல் இருக்கவில்லை. பாடினார்கள், தீபாராதனை ஆனது. பிறகு பாய் விரித்து இலை போட்டோம். உட்காருங்க சாமி என்றேன். யாரும் உட்காரவில்லை. எல்லாரும் குருசாமியைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்கார வேண்டும். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தெளித்த இலைகள் காலியாகக் கிடந்தன.

"தப்பா நென்ச்சிக்காத சாமி," என்றார். "கேக்காம உக்காந்தா எனக்கு மனசுல நிக்கும். பூண்டு கீதா?"

வாசலில் நின்றிருந்த மனைவி வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பூண்டு இல்ல சாமி. வேலை செய்ற எடத்துல ஒரு பொடி. மூச்சுல போயிடிச்சி. அது வாசனை."

"இன்னா பொடி சாமி, ரசப்பொடியா?" என்றார் ஷேர் ஆட்டோ சாமி.

டெலூரியம் என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? நான் உள்ளே போய் முகமூடியை எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் மாட்டிக்கொண்டேன். கறுப்பு வேட்டி, துளசி மாலை, மூஞ்சியில் பன்றி மூக்கு மாதிரி ரப்பர். காற்று வழிகளை என் கையாலேயே அடைத்துக்கொண்டு, குருசாமி பக்கம் கன்னத்தைத் திருப்பி, தொட்டுப் பாருங்கள் என்று கண்ணால் காட்டினேன். அவர் தயங்கிக் கையைத் தாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் பலமாக ஊதினேன்.

அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார். விரலைத் தாடியோரமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடையில் இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"லீக் அடிக்குது," என்றார். "கேஸ்கெட் உக்காரல. முடி தடுக்குது."

முகமூடியைக் கழற்றினேன். டாக்டர் சொன்னதையும், வாசனை இன்னும் கொஞ்ச நாள் போகாது என்பதையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

"அப்போ ஷேவ் பண்ணிக்கினு போயிருந்தா இந்த நாத்தம் வந்திருக்காது," என்றார் குருசாமி.

"வந்திருக்காது சாமி."

அவர் என் தாடியை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் போய் முதல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து இலையைத் தட்டிக் காட்டினார்.

"இங்க உக்காரு சாமி. பசிக்குது, சாப்பாடு போடச் சொல்லு."

மற்றவர்கள் மளமளவென்று உட்கார்ந்தார்கள். ஷேர் ஆட்டோ சாமி எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை சாம்பார் கேட்கும்போது பூண்டு சாமி வூட்டு சாம்பார்ல பூண்டே இல்லியே என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. மனைவி அப்பளம் வைத்துக்கொண்டே வந்தாள். குருசாமி இலைக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வைத்ததைப் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வில்லையை அச்சிலிருந்து எடுத்தோம். டெலூரியம் போட்டதில் அதுவரை வந்த வில்லைகள் எல்லாம் விளிம்பில் விரிசல் விட்டிருந்தன. இது முழுசாக வந்தது. மெருகேற்றி, கேமராவுக்கு முன்னால் வைத்து, அந்தப் பக்கம் யாராவது நில்லுங்கள் என்றார் மேடம். நான்தான் அருகில் இருந்தேன். கறுப்பு வில்லை வழியாகத் திரையில் என் முகம் தெரிந்தது. நெற்றியும் கன்னமும் வெளுப்பாக, தாடி இருந்த இடம் மட்டும் சூடு குறைந்து இருட்டாக. எல்லா வம்பும் அதனால்தான் என்று மேடம் அந்த இருட்டைத் தொட்டுக் காட்டினார். ஒரு பை நெல்லிக்காயைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் பிள்ளையார் கோவிலில் இருமுடி கட்டினார்கள். என் முறை வந்தது. எதிரில் உட்கார்ந்து தேங்காயில் நெய் ஊற்றினேன். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். முழு உடம்போடு, நல்ல நிறத்தோடு. அரிசியைப் பையில் போடும்போது சரணம் சொல்ல வேண்டும். குருசாமி முகம் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. பழக்கதோஷத்தில் நான் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய திருப்பிக்கற?" என்றார். "நேரா பாத்து சொல்லு சாமி. காதுல விழணும்."

திரும்பினேன். வாயைத் திறந்து சொன்னேன். பின்னால் யாரோ இருமினார்கள், ஷேர் ஆட்டோ சாமிதான். குருசாமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முடிச்சை இறுக்கிப் போட்டு, இருமுடியைத் தூக்கி என் தலையில் வைத்தார்.